பிரேக் சாரின் வாய்ப்பூட்டு

பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சாலையின் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் பாய்கிறது. இவருடைய வலது கால் படீரென்று தரையை மிதிக்கிறது. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் பயந்துபோய்த் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். ஸ்கூட்டர்காரன் தானாகத்தான் நின்றான். ஆனால் இவர் அந்த அம்மாளிடம் திரும்பி, "பாத்தீங்களா, மிதிச்சேன், நின்னுட்டான்!" என்கிறார். பல்வலி எனக்கு, துணைக்கு வந்தவர் அவர். அடுத்த கால் மணி நேரம் அந்த அறையில் யார் பேசினார் என்று சொல்லவே வேண்டாம்.

எங்கள் தெருவில் எல்லோரும் அவரை 'பிரேக் சார்' என்றுதான் கூப்பிடுகிறோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். ஒரே ஒரு கார், சாம்பல் நிறம். ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவருடைய காலடியில் இன்னொன்று. இத்தனை வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே பிழைத்தவர், அந்தக் காலை வீட்டுக்கும் அப்படியே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் வளைவில் திரும்பினால் மிதிப்பார். மனைவி பால் பாத்திரத்தோடு வேகமாகத் திரும்பினாலும் மிதிப்பார். "ஏங்க, நான் என்ன லாரியா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டது கீழ்வீட்டில் இருக்கும் எனக்கே கேட்டது. அவர்கள் வீட்டுத் தரைதான் என் வீட்டுக் கூரை. அதனால் அவர்கள் குடும்ப விஷயம் பாதிக்குமேல் எனக்குத் தெரியும். மீதியை அவரே சொல்லிவிடுவார்.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. போறாத காலம், அவரிடமே போய்ச் சேர்ந்தேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே அவர் வாய் கிளம்பிவிடும். "மெதுவா... மெதுவா... கிளச்ச விடுங்க, அது எங்கயும் ஓடிப்போயிடாது... கண்ணாடி பாருங்க சார்... உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்றவன் மூஞ்சிய!" நடுநடுவே சுயபுராணம் வேறு. "என்கிட்ட கத்துக்கிட்டு ஃபெயிலானவன் இன்னும் பொறக்கல சார்." நான் முதல் தடவை ஃபெயிலானேன். இரண்டாம் தடவையும் ஃபெயிலானேன். அவருடைய வாக்கு என்னவாயிற்று என்று கேட்டேன். "நான் சொல்றதுக்கு முன்னாடியே நீங்க பொறந்துட்டீங்களே சார், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு யார் வாதாடுவது!

பெருமை பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வண்டியின் டயர், தன் ரத்த அழுத்தம், தான் வாங்கிய குடை என்று எதை வைத்தும் பேசுவார். ஆனால் இதெல்லாம் உதிரி. மொத்த வியாபாரம் ஒரே மகளை வைத்துத்தான் நடந்தது. 'பாப்பா' என்பார். பள்ளியில் அவள் முதல் இடத்தில் வந்ததை அபராதம் போட வந்த போக்குவரத்துக் காவலரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அபராதமும் போட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் போன். அத்தான் தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பார். இவர் அதை முடிக்கவிடாமல் பாப்பாவைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்துவார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இங்கே இரண்டு காக்கைகள், ஒரு போன்.

பாப்பா கல்லூரிக்குப் போனாள். விடுதியில் தங்கிப் படித்தாள். முதல் வருடத் தேர்வில், கேள்வித்தாளைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு எழுதக் கை வரவில்லை. பதில் தெரியும், பேனாவும் இருக்கிறது, கை மட்டும் நகரவில்லை. மூன்று மணி நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த தேர்வுக்கு அறையை விட்டே வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வந்தவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டு உள்ளே போகும், அப்படியே திரும்பி வரும். ராத்திரியில் என் கூரைக்குமேல் யாரோ மெல்ல நடப்பார்கள். பகலில் சத்தமே இருக்காது.

பிரேக் சார் தெருவுக்குச் சொன்ன விளக்கம், "ஸ்டடி லீவு." கல்லூரிகள் எல்லாம் திறந்து, நடந்து, மறுபடி விடுமுறை விட்ட பிறகும் அவர் வீட்டில் மட்டும் ஸ்டடி லீவு முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அவருக்கு அது இல்லை. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சார், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ரெஸ்ட்டு ரொம்ப முக்கியம்" என்று என்னிடமே அளந்துவிடுவார். நான் கியர் மாற்றுவதில் கவனமாக இருப்பதுபோல் நடிப்பேன். கியர் மாற்றும்போது எனக்கு நிஜமாகவே கவனம் வேண்டியிருந்தது என்பதால் நடிப்பது கஷ்டமாக இல்லை.

கடைசியில் மனைவியின் பிடிவாதத்தால் மனநல மருத்துவரிடம் போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. மகளிடம் தனியாக நெடுநேரம் பேசியிருக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்து, வாராவாரம் வரச் சொல்லிவிட்டு, "அவளுக்கு ஏதாவது வாசிக்கணும்னு ஆசை இருக்கு. ஸ்கூல் ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் பாட்டுக் குழு வச்சிருக்காங்களாம். போகட்டும். கையும் காதும் சேந்து வேலை செய்யும்போது மனசுக்குக் கொஞ்சம் மூச்சு விட எடம் கெடைக்கும். கூட ரெண்டு பேர் இருக்கிறது இன்னும் நல்லது" என்றாராம். பிரேக் சார் கேட்ட ஒரே கேள்வியை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"எத்தன கிளாஸ்ல சரியாகும் டாக்டர்?"

"கிளாஸ் கணக்கு இல்லீங்க இது."

"சரி, கடைசியில டெஸ்ட்டாவது உண்டா?"

"இதுல டெஸ்ட்டே கெடையாது. அதுதான் இதுல விசேஷம்."

டெஸ்ட் இல்லாத ஒரு கல்வி இந்த உலகத்தில் இருக்கும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "டெஸ்ட்டு இல்லன்னா பாஸானது எப்படித் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

அடுத்த சண்டை எந்த வாத்தியம் என்பதில். இவருக்கு வயலின் வேண்டும், குறைந்தது கீபோர்டாவது. அவள் எடுத்துக்கொண்டது பேஸ் கிட்டார். தோழியின் அண்ணன் பரணில் போட்டு வைத்திருந்தது, நான்கு தடித்த கம்பி, ஆள் உயரத்துக்குக் கழுத்து. வாசித்தால் டொம், டொம், டொம், டொம். அவ்வளவுதான். முதல் நாள் கேட்டுவிட்டு என்னிடம் வந்து புலம்பினார். "சார், இதுல பாட்டே வரல சார். நாலு பேர் கேட்டா இன்ன பாட்டுன்னு தெரிய வேணாமா?" மகளிடமும் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அவர் புரியாமலேதான் என்னிடம் ஒப்பித்தார்.

"நான் வாசிக்கிறது யாருக்கும் தனியா கேக்காதுப்பா. நிறுத்தினாத்தான் தெரியும். எனக்கு அதுதான் வேணும்."

எனக்குப் புரிந்தது. எல்லோரும் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன பிள்ளை. யாரும் பார்க்காத ஒரு மூலையும் வேண்டும், அந்த மூலையில் தன்னால் ஒரு உபயோகமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடங்கள் குறைவு.

அவர்கள் பயிற்சி செய்த இடம் கார் நிற்கும் கொட்டகை. வண்டி வெளியே போனால்தான் இடம் காலி. ஆகவே நான் எவ்வளவு நேரம் ஊரைக் கலக்குகிறேனோ அவ்வளவு நேரம் அவர்களுக்குப் பாட்டு. டிரம் வாசிக்கும் சுருட்டை முடிக்காரி என்னைப் பார்த்து, "அங்கிள், இன்னைக்கும் ரிவர்ஸ் சரியா வரலைன்னா இன்னும் அரை மணி நேரம் ஓட்டுங்க, ப்ளீஸ்" என்று வேண்டிக்கொள்வாள். பாடுகிறவள் நெட்டை, கொட்டகை வாசலில் குனிந்துதான் நுழைவாள். இருவரும் பாப்பாவை விசாரித்ததே இல்லை. ஏன் படிக்கவில்லை, ஏன் இளைத்துவிட்டாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. "ஏய், ரெண்டாவது வரியில நீ முந்திட்ட" என்பார்கள். அதுதான் அவர்கள் செய்த அதிகபட்ச விசாரணை.

வாரநாட்களில் அவள் மேலே தனியாகப் பழகுவாள். என் கூரையில் டொம், டொம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்வானேன். அதே நான்கு தட்டு, அதே இடத்தில் தடுக்கும், மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நாளில் அது தடுக்காமல் போன அன்று எனக்கே கைதட்டத் தோன்றியது. ராத்திரி நடமாட்டம் நின்றது. ஒருநாள் மத்தியானம், "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா?" என்ற குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து எதுவோ தரையில் விழுந்து உருண்டது. கரண்டியாகத்தான் இருக்கும். அப்புறம் பாப்பா தலைக்குக் குளித்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்து, "சத்தம் தொந்தரவா இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் என்னிடம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. "இல்லம்மா, நல்லா வாசி" என்றேன்.

இதோடு விட்டிருந்தால் இந்த மனிதரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மகள் சாப்பிட ஆரம்பித்ததும் அப்பாவுக்குப் பழைய பசி வந்துவிட்டது.

"சார், ஞாயித்துக்கெழம சாயங்காலம் மேல வந்துடுங்க. சின்ன ப்ரோகிராம்" என்றார். போனேன். வரவேற்பறை நிறையத் தெரு ஜனம். கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினர், ஓட்டுநர் தேர்வு நடத்தும் இன்ஸ்பெக்டர். என்னை இரண்டு முறை ஃபெயில் போட்ட அதே புண்ணியவான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆள் அப்படியே பழகிவிட்டார். டாக்டர் டெஸ்ட் கிடையாது என்றால் இவர் சும்மா விடுவாரா? தானே ஒரு டெஸ்ட் ஏற்பாடு செய்துவிட்டார்.

தோழிகளைக் கூப்பிடவில்லை. "பாப்பா தனியா வாசிச்சாத்தானே சார் பாப்பா வாசிக்கிறது தெரியும்?" மகள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஆசையாகக் கேட்டார் என்பதற்காக ஒத்துக்கொண்டிருக்கிறாள். இவர் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். இதோ, இது என் பொண்ணு. நாலு மாசத்துக்கு முன்னாடி எந்திரிச்சு ஒக்கார முடியாது. டிப்ரஷன்! டாக்டரே கைய விரிச்ச கேசு! இன்னைக்குப் பாருங்க!"

டாக்டர் எந்தக் கையையும் விரிக்கவில்லை. அது இவருடைய சொந்தச் சரக்கு. ஜனம் கைதட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசுலயா?" என்று உச்சுக்கொட்டினார். ஸ்டடி லீவு என்று இவரே கட்டிக் காத்த விஷயத்தை இவரே நடுக்கூடத்தில் போட்டு உடைத்தார். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

டொம், டொம், டொம், டொம். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பிரேக் சாருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மெதுவா பாப்பா... பதட்டம் வேணாம்... ஆங், அப்படித்தான்... இப்ப கொஞ்சம் ஸ்பீடு எடு..." அவள் கை நின்றது. கம்பிமேல் விரல் அப்படியே இருந்தது, நகரவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "பரவால்ல. அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லுங்க" என்றார். கிண்டல் இல்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

கிட்டார் உறைக்குள் போனது. உறை கட்டிலுக்கு அடியில் போனது. கதவு சாத்திக்கொண்டது. அன்று இரவு கூரை வழியாக பிரேக் சார் மனைவியின் குரல் கேட்டது. அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "புள்ள பொழச்சு வந்தது போதாதாங்க உங்களுக்கு? அதுக்குக் கைதட்டும் வேணுமா?"

மறுவாரம் வகுப்புக்குப் போனேன். வண்டி கிளம்பியது, அவர் வாய் கிளம்பவில்லை. கிளச்சைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் ஒரு பேச்சும் இல்லை. ஒரு திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடி வந்தது. அலறிக்கொண்டு மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. நாய் எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"நான் மிதிச்சேனா சார்?" என்று கேட்டார்.

"இல்ல. நானேதான்."

தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். "அவளும் நல்லாத்தான் சார் ஓட்டிட்டு இருந்தா. நான்தான் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு மிதிச்சுட்டேன்" என்றார். பேசப் பேசவே உதடு கோணிக்கொண்டு போனது. "மறுபடி தட்டு அப்படியே திரும்பி வருது சார். எனக்குப் பயமா இருக்கு." பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அந்த நேரத்தில் வண்டியைத் திரும்பக் கிளப்பத் தெரியவில்லை.

அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. செய்தவர்கள் அந்த இரண்டு பெண்கள். பாப்பா கொட்டகைக்கு வராததால் இவர்களே மேலே ஏறி வந்தார்கள். சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அறையில் கிசுகிசுத்தாலே கூரை வழியாக எனக்குக் கேட்கும் வீடு. இவர்கள் கதவைத் தாண்டிப் பேச வேண்டியிருந்ததால் கத்தியே பேசினார்கள்.

"ஏய், நீ இல்லாம நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறோம்டி. அவ முந்துறா, நான் பிந்துறேன். நடுவுல புடிச்சுக்க ஆளில்ல" என்றாள் சுருட்டை முடி.

உள்ளேயிருந்து மெல்லிய குரல். "நான் அன்னைக்கு நின்னுட்டேன்டி. எல்லார் முன்னாலயும்."

"நாங்க தெனமும்தான் நிக்கிறோம். நின்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். அதுக்கு எதுக்குடி கதவச் சாத்துற?" இது நெட்டை.

அன்று கதவு திறக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். வாசிக்கிற பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். நடுவில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவதோ நான்காவதோ தடவை, பாட்டின் இரண்டாவது வரி எப்படிப் போக வேண்டும் என்று வெளியே ஒரு சண்டை மூண்டது. இரண்டு பேருமே தப்பாகப் பாடினார்கள். பொறுக்க மாட்டாமல் உள்ளேயிருந்து டொம், டொம், டொம், டொம் என்று சரியான பதில் வந்தது. நடுவில் நின்றிருந்த மருத்துவர் சந்திப்புக்கும் பாப்பா மறுபடி போக ஆரம்பித்தாள். சொல்லிவைத்தாற்போல எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் இருந்தது, தட்டு பாதியோடு திரும்பி வந்த நாளும் இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியபோது அவள் அப்பாவுக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "நான் வாசிக்கிறத நீங்க கேக்காத மாதிரியே இருக்கணும்ப்பா. நல்லாருக்குன்னும் சொல்லக்கூடாது. யார்கிட்டயும், யார்கிட்டயுமே சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா நான் கிட்டாரத் திருப்பிக் குடுத்துடுவேன்." இவர் தலையாட்டினார். மதம் பிடித்த யானையைக் கட்டிப்போட்டுவிடலாம். இந்த வாயைக் கட்டுவதற்கு எந்தச் சங்கிலி தாங்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் கட்டினார். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். காரில், "சார், நேத்து பாப்பா..." என்று ஆரம்பிப்பார். சட்டென்று நிறுத்தி, "நேத்து நல்ல வெயில்" என்று முடிப்பார். ஒருநாள் கொட்டகைச் சுவருக்கு வெளியே வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று பேரும் ஒரு பாட்டை முதல்முறையாகக் கடைசிவரை தடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவர் ஈரத் துணியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். சோப்புத் தண்ணீர். அதற்குப் பிறகு வெகுநேரம் துப்பிக்கொண்டிருந்தார். அடைத்த பெருமை வேறு வழியில் பீறிட்டு வெளியே வருகிறது. இப்போது ஸ்கூட்டரை நிறுத்தினேன் என்கிறார், குடையைப் புகழ்கிறார். பல் மருத்துவரிடம், "டாக்டர், இவரு பல்லு சாதாரணப் பல்லு இல்ல, மூணு வேரு!" என்று என் கடைவாயை வைத்துக்கூடப் பெருமையடித்தார். போகட்டும், என் பல்லால் ஒரு மனிதருக்கு நிம்மதி என்றால் எனக்கென்ன நஷ்டம்.

போன மாதம் நான் பாஸானேன். அந்த இன்ஸ்பெக்டரே ஆச்சரியப்பட்டார். கேக் வாங்கிக்கொண்டு மேலே போனேன். போன நேரம் சரியில்லை; சொல்லாமல் கொள்ளாமல் வெளியூரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்து இறங்கியிருந்தார்கள். அத்தான் சோபா முழுவதையும் எடுத்துக்கொண்டு மகனுக்குக் கிடைத்த பதவி உயர்வை விவரித்துக்கொண்டிருந்தார். பிரேக் சார் இருப்புக்கொள்ளாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் பாப்பா. யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். கிட்டாரோடு இணைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியின் டொம் டொம் கதவைத் தாண்டி வந்தது.

"என்னடா அது, உள்ள சத்தம்?" என்றாள் அக்கா. அத்தோடு நிறுத்தவில்லை. "பாப்பா எங்க? இன்னும் அந்த ரூமுக்குள்ளயேதான் கெடக்காளா? எப்படி இருந்த புள்ள! எல்லாம் உன் தலையெழுத்துடா. எங்க பய பாரு..." வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எழுந்து அந்தக் கதவை ஒரு தள்ளு தள்ளினால் போதும். பாப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனில் வாங்கிய அடிக்கெல்லாம் ஒரே நொடியில் பதில் சொல்லிவிடலாம். உள்ளே அவள் ஒரு முழுப் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அது அவர் காதில் விழுகிறது. அவர் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"தண்ணி மோட்டாரு அக்கா. பேரிங் போயிடுச்சு" என்றார்.

"ஒரு மோட்டார ரிப்பேர் பண்ண வக்கில்ல. நீயெல்லாம் ஊருக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றியாக்கும்!"

"ஆமாக்கா. எனக்கு எங்க அதெல்லாம் வருது" என்றார், குனிந்த தலையோடு.

உள்ளே டொம் டொம் ஓரிடத்தில் தடுக்கியது. நின்றது. அந்த அம்மாள் தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது, இன்னும் அழுத்தமாக. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

பிரேக் சார் தன் நாற்காலியை அத்தானுக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அத்தான், பையனுக்குப் பிரமோஷன் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அத மொதல்லேர்ந்து சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். அத்தான் ஒரு கணம் நம்பாமல் அவரைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அக்காவையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, கூடம் அதிர ஆரம்பித்தார். பிரேக் சார் முகவாயில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். அத்தான் மூச்சு வாங்க நிறுத்திய போதெல்லாம், "அப்புறம்?" என்றார்.